நான்கு நிமிடம் பதினொரு வினாடி

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,
கடந்த வியாழன் பின்னேரம் மூன்று இருபதுக்கு
மஸ்கெலியா இலக்கம் ஒன்றோடு
நான்கு நிமிடம் பதினொரு வினாடி
ஒன்றும் கதைக்காமல் இருந்ததற்கு
விளக்கம் கேட்டிருந்தீர்கள்.

எழுதுகிறேன்.

நோர்வூட்டில் ஆறு பத்து பஸ்.
ஹட்டனில் இறங்கும்போதே காதுக்குள் மணியடிக்கும்,
ஹெட்செட் அப்போதும் மேசையில்தான் கிடக்கும்.
கீழே பேக்கரியில் மாலுபணிஸ் வேகும்.
மேலே நாங்கள் பதினொரு பேர்,
ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி
கணினியின் நெற்றியில் ஒட்டியது.
சிரித்துக்கொண்டு கதைத்தால்
சிரிப்பு குரலில் கேட்குமாம்.
சிரித்தேன் சேர்.
தவணை தப்பியவர்களின் பெயரையெல்லாம்
சிரித்துக்கொண்டே வாசித்தேன்.
மூன்றாம் மாதம் கண்ணாடியில் இருந்தவள்
நான் நிறுத்திய பிறகும் சிரித்தாள்.

நாளைக்கு நூற்றி நாற்பது அழைப்பு.
அதில் முப்பத்தைந்து வாக்கு வாங்கவேண்டும்.
'தருவதாகச் சொன்ன திகதி' என்று ஒரு கட்டம்.
சம்பளத்துண்டில் மிச்சம் இல்லாதவர்களிடம்
திகதி மட்டும் நிறைய இருந்தது.
பதினைந்து என்பார்கள், இருபது என்பார்கள்,
தீபாவளி முற்பணம் வந்ததும் என்றாள் ஒருத்தி.
அப்போது மாசி மாதம்.
அதையும் நிரப்பினேன்.

மலசலகூடத் திறப்பு உங்கள் மேசையில்.
ஆறு நிமிடம் தாண்டினால்
வாட்ஸ்அப் குழுவில் பெயர் வரும்.
தண்ணீர் குடிப்பதை விட்டேன்.
பிறகு மாதம் தப்பத் தொடங்கியது.
வீட்டில் சொல்லவில்லை.
கலியாணம் ஆகாதவள்,
வேறு அர்த்தம் வரும்.

டிக்கோயாவில் டாக்குத்தர்
நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்.
தாளில் மலை மலையாய் ஒரு கோடு.
இதயம் நல்லாத்தான் இருக்கு, என்ன வேலை என்றார்.
சொன்னேன்.
பேனையை மூடினார்.
'எனக்கும் உங்கட கம்பனியில ஒரு லீசிங் இருக்கு.'
இரவில் போடச் சொல்லிப் பத்துக் குளிசை தந்தார்.
அதைப் போட்டால்
கனவில் எல்லாரும் மெதுவாகக் கடன் கேட்கிறார்கள்.

ரிஸ்மியா போனது ஞாபகம் இருக்கும்.
ஹெட்செட்டைக் கழற்றி, வயரைச் சுற்றி வைத்துவிட்டுப்
படியிறங்கினாள்.
பணிஸ் வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம்.
அன்றே அவளுடைய பட்டியலைப் பிரித்துத் தந்தீர்கள்,
ஆளுக்குப் பதினான்கு.
அவளுடைய கண்ணாடி அங்கேயே இருக்கிறது.
அதில் சுவர் தெரிகிறது.

வியாழக்கிழமை.
அந்த இலக்கம் நூற்றிரண்டாவது.
'வணக்கம், நான்' என்றேன்.
கம்பனியின் பெயர் வரவில்லை.
என் பெயரும் வரவில்லை.
அந்தப் பக்கம் ஏச்சு இல்லை, அழுகை இல்லை,
தகரத்தில் மழை விழும் சத்தம்.
கொஞ்ச நேரத்தில் ஹட்டனிலும் பிடித்துக்கொண்டது.
எது எந்தப் பக்கத்து மழை என்று
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
அவர்கள் வைக்கவில்லை.
பயத்தில் வைக்காமல் இருந்திருக்கலாம்.
நான் வைக்காதது
அங்கே யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காததால்.

பதிவைப் போட்டுக் கேட்டீர்களாம்.
இன்னொருமுறை, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள்.
இரண்டரை நிமிடத்தில் ஒரு பிள்ளையின் குரல் வரும்:
'யாரும்மா?'
'தெரியல. பாவம், மூச்சு மட்டும் வருது.'

அதன்பிறகும் அவள் வைக்கவில்லை, சேர்.
அவளுக்கு ஏழு தவணை நிலுவை.

இதுவரை எழுதியதை மடித்துச்
சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.
உங்கள் மேசைக்கு வருவது இவ்வளவுதான்:

'சீரற்ற காலநிலையால் இணைப்பில் கோளாறு.
இனி நடவாமல் பார்த்துக்கொள்கிறேன்.'

கையெழுத்து கோப்பில் இருப்பதோடு ஒத்துவராது.
நான் இடக்கைக்காரி.
அந்தக் கை மரத்து மூன்று கிழமையாகிறது.
இது வலக்கையால் போட்டது.